மூவாயிரத்து ஐந்நூறு கிலோ வீடு

— மொத்த எடை மூவாயிரத்து எண்ணூத்தி எழுபது கிலோங்க.

— கேட்டியா ரோஸ்வித்தா? காதக் குடுத்து நல்லாக் கேட்டுக்கோ. நம்ம கேரவனுக்கு அனுமதி மூவாயிரத்து ஐந்நூறு. முந்நூத்தி எழுபது கிலோ கூட. பின்னாடி ஒரு பைக்கத் தொங்கவிட்டுக்கிட்டு சிசிலி வரைக்கும் போக முடியாதுன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

— அடிச்சுக்கிட்ட ராசா, நானும் பாத்தேன். பைக் எவ்வளவு? நூத்தி ஏழு. அதத் தூக்கிப் பிடிக்கிற கேரியர் முப்பத்தஞ்சு. ரெண்டையும் கழிச்சுப் பாரு. அப்பவும் இருநூத்திச் சொச்சம் நிக்குது. அத எவன் ஏத்தினான்?

— அது வந்து... ஒருவேளை இவங்க எடைமேடை தப்பாக் காட்டலாம்.

— ஐயா, மெல்லப் பேசுங்க. இந்தக் கம்பத்துல இருக்கற ஸ்பீக்கர் பொட்டி ரெண்டு பக்கமும் கேக்குமுங்க. நான் இந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்திருந்தாலும் நீங்க மூச்சு விடறது வரைக்கும் எனக்குக் கேக்குது. எம்பட மேடை தப்பாக் காட்டாதுங்க. ஜல்லி லாரிக்காரனெல்லாம் இதும்மேல சத்தியம் பண்ணுவான்.

— உங்க பேரு என்னங்க?

— அலோயிஸுங்க, அம்மணி.

— அலோயிஸ், என் வீட்டுக்காரர் எக்கார்ட்ட மன்னிச்சிருங்க. காலமெல்லாம் இன்சூரன்ஸ் வித்தவர். ஒருவேளை தீப்பிடிச்சா, ஒருவேளை வெள்ளம் வந்தா, ஒருவேளை மாடு முட்டினா. அந்த ஒரு வார்த்தையிலதான் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது. அதனால விட முடியல.

— எனக்கென்னங்க வந்துச்சு. லாரியெல்லாம் சாப்பாட்டுக்குப் போயிருச்சு, மேடை சும்மாத்தான் கெடக்குது. சண்டைய முடிச்சிட்டே எறங்குங்க. சாதாரணமா எனக்கு ரேடியோதான் தொணை.

— சண்டையே கிடையாது, அலோயிஸ். விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு. பைக்க இறக்கினாத்தான் நாளைக்குக் காலையில நாங்க கிளம்ப முடியும். பிரென்னர் கணவாய்ல போலீஸ்காரன் ஓரங்கட்டி எடை போட்டான்னா அங்கேயே எங்க பயணம் முடிஞ்சுது.

— பைக் இறங்கினா நானும் இறங்குறேன். நேத்தும் சொன்னேன், இன்னிக்கும் அதே விலைதான். நீ தனியாப் போயிட்டு வா எக்கார்ட். நான் ஃப்யூஸன்ல என் தங்கச்சி வீட்ல குளிர்காலத்த ஓட்டிக்கிறேன்.

— கேட்டீங்களா, அலோயிஸ்? கல்யாணம் பண்ணி நாப்பத்தொரு வருஷம். ஒரு பைக்குக்காக.

— பைக்குக்காக இல்ல. போன வருஷத்துக்காக. அலோயிஸ், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. இந்த மனுஷன் சிசிலியில கடல் ஓரமா ஒரு இடத்தப் பிடிச்சு வண்டிய நிறுத்துவாரு. வண்டி ஆடாம நிக்க மட்டம் பாத்து அதோட நாலு இரும்புக் காலையும் இறக்குவாரு. டிவிக்கு டிஷ்ஷத் திருப்புவாரு. பந்தல இழுத்து விடுவாரு. அவ்வளவுதான், மார்ச்சு மாசம் வரைக்கும் அந்த வீடு அசையாது. கிளப்பினா எடம் போயிருமாம். ரொட்டி வாங்கற ஊரு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. இவரு பக்கத்து வண்டிக்காரனோட சீட்டாடப் போயிருவாரு. நான் வாசல்ல நின்னுக்கிட்டு, காரு வெச்சிருக்கறவ யாராச்சும் கிளம்பினா, எனக்கும் ரெண்டு ரொட்டின்னு குரல் குடுக்கணும். கெம்ப்டன் சந்தையில சொந்தமா சீஸ் கடை போட்டவ நான். விடிகாலையில டிரெய்லரோட வேன ஓட்டிக்கிட்டுப் போய் நின்னவ. நான் ஒரு ரொட்டிக்குக் கையேந்தறதா?

— நான் வாங்கிட்டு வர மாட்டேன்னு சொன்னேனா?

— சொல்லல. சாயங்காலம் வாங்கலாம்னு சொன்ன. அங்க சாயங்காலம் கல்லுதான் கிடைக்கும்.

— அது நியாயந்தானுங்களே, ஐயா.

— நீங்க எடைய மட்டும் சொல்லுங்க, அலோயிஸ். ரோஸ்வித்தா, இந்த பைக்க எனக்குத் தெரியாம வாங்கினியா இல்லியா? அதுக்கு லைசன்ஸ் எடுத்ததும் எனக்குத் தெரியாம. முதுகுவலிக்கு நீச்சல் குளத்துல பயிற்சின்னு சொல்லிட்டுப் போன.

— போனேன். திரும்பி வரும்போது ஒரு நாளாவது என் தலமுடி நனைஞ்சிருந்துதா? நீ நிமிந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் ராசா.

— வண்டிக்குப் பின்னாடி அவ்வளவு கனத்தத் தொங்கவிட்டா முன்பக்கம் தூக்கிக்கும். ஸ்டியரிங் காத்துல மிதக்கற மாதிரி ஆயிடும். நான் பயந்து சொல்லல, நியூட்டன் சொன்னது.

— நியூட்டன் சந்தையில கடை போட்டதில்ல. பின்னாடி கனத்தா முன்னாடி ஏத்தணும், இல்லாட்டி உள்ள இருக்கறத இறக்கணும். சரி, வண்டியக் கொஞ்சம் முன்னாடி விட்டு பிரேக் பிடி.

— எதுக்கு?

— பிடியேன்.

— பிடிச்சாச்சு. இப்ப என்ன?

— சத்தம் கேட்டுதா?

— எந்த சத்தம்?

— எனக்கே கேட்டுதுங்க. தொட்டியில தண்ணி அலையடிக்குதுங்க.

— ஆஹா, அலோயிஸ், நீங்க நல்லா இருக்கணும். எக்கார்ட், கேரவன் வெச்சிருக்கற எவனாவது தண்ணித் தொட்டிய நிரப்பிக்கிட்டு மலையேறுவானா? போய்ச் சேந்த எடத்துல குழாயத் திறந்து பிடிச்சுக்கறதுதானே வழக்கம்? நீயே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்க? வீட்லேர்ந்து எடை போடக் கிளம்பறதுக்கு முன்னாடி தோட்டத்துல ஓஸ் பைப்போட அரை மணி நேரமா என்ன பண்ணிக்கிட்டிருந்த?

— ஒருவேளை வழியில தண்ணி கிடைக்கலன்னா...

— தராசுத் தட்டுல கட்டை விரல வெச்சு அழுத்தறவன நான் மூக்காலயே கண்டுபிடிப்பேன். வீட்டுக்குள்ளயே ஒருத்தன் நூறு லிட்டர் கட்டை விரல் வெச்சிருக்கான். திற ராசா, வால்வத் திற.

— மேடை மேலங்களா? சரி, ஓரத்துல சாக்கடை இருக்குது, அதுல போற மாதிரி திறந்து உடுங்க. லாரிக்காரனுக மண்ணாக்கி வெச்சிருக்கானுக, கழுவின மாதிரியும் ஆச்சு.

— திறந்துட்டேன். திருப்தியா? ஊரே பாக்குது.

— ஊர் எங்க இருக்கு? ஜல்லிக் குவியலும் அலோயிஸும்தான் இருக்கு. ஏறி உக்காரு. அலோயிஸ், இப்ப என்ன சொல்லுது?

— மூவாயிரத்து எழுநூத்தி எழுபதுங்க. சொல்லி வெச்ச மாதிரி நூறு.

— பின்னாடி டிக்கியில என்ன இருக்குன்னு நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?

— மடக்கு நாற்காலி. கேபிள். கருவிப் பெட்டி.

— அப்புறம்?

— கொஞ்சம் பீர்.

— கொஞ்சம்னா கைப்பிடி அளவா, மூட்டை அளவா?

— நாலு பெட்டி. சிசிலிக்காரன் பீர்ங்கற பேர்ல விக்கறத ஒரு மனுஷன் குடிக்க முடியுமா ரோஸ்வித்தா?

— அதத்தான் போன வருஷம் கிறிஸ்மஸுக்கு மேஜை மேல ஏறி நின்னு பாட்டுப் பாடற அளவுக்குக் குடிச்ச. இறக்கு.

— இறக்கறேன். ஆனா ஒண்ணு. நான் டிக்கியத் திறந்தா நீயும் கட்டிலத் தூக்கணும். என் பக்கத்துக் கட்டிலுக்கடியில இல்ல, உன் பக்கத்துல. துணியில சுத்தி ரெண்டு வட்டமா வெச்சிருக்கியே, அது என்ன?

— யோகா மெத்தை.

— யோகா மெத்தை மாட்டுத்தொழுவ வாசனை அடிக்குமா?

— அம்மணி, அந்த வாசனை இங்க வரைக்கும் வருதுங்க. மலைப் பால் சீஸுங்களா?

— மோப்பம் பிடிச்சிட்டாரு! ஆமா, முழு வட்டம் ரெண்டு. ஒண்ணு முப்பது கிலோ. என்னை அப்படிப் பாக்காத எக்கார்ட். அந்தக் கடல் ஓரத்துல நம்ம ஊர்க்காரன் எத்தனை பேர் கூடாரம் போட்டு உக்காந்திருக்கான், தெரியுமா? ஜனவரி ஆனா அத்தனை பேருக்கும் நாக்கு நம்ம சீஸுக்கு ஏங்கும். நான் பைக்ல ஒரு பெட்டியக் கட்டிக்கிட்டு ஒவ்வொரு கேரவன் வளாகமாப் போவேன். கத்தியும் காகிதமும் கூட எடுத்து வெச்சிட்டேன்.

— ஓய்வு காலத்துல நிம்மதியா இருக்கலாம்னு நான் கூட்டிட்டுப் போறேன். நீ அங்க கடை போடப் போற!

— எனக்கு அதுதான் நிம்மதி.

— ரெண்டு பேருமே இப்படி எனக்குத் தெரியாம, உனக்குத் தெரியாமன்னு ஏத்தினா வண்டி என்னுங்க பண்ணும்? எறக்கி என்ற ரூம்ல வையுங்க. மார்ச்சுல வந்து எடுத்துக்கலாமுங்க. சீஸுக்கு நான் பொறுப்பு. பீருக்கு வாக்குக் குடுக்க மாட்டனுங்க.

— அலோயிஸ், ஒரு பெட்டி உங்களுக்கு. கூலி.

— அந்தப் பேச்சு பேசுங்க அம்மணி.

— என் பீர இவ தானம் பண்றா.

— ஏறி உக்காரு, மூச்சு வாங்காத. அலோயிஸ்?

— மூவாயிரத்து அறுநூத்தி நாப்பதுங்க. பின் அச்சு இப்பத் தாங்குமுங்க, பைக்குக்கு அதுல கொறையில்ல. மொத்தத்துலதான் நூத்தி நாப்பது நிக்குது.

— எக்கார்ட், உன் கருவிப் பெட்டிக்கு என்ன விலை சொல்ற?

— அதுல கை வெக்காத. ஒருவேளை வண்டி நடுவழியில நின்னுட்டா?

— நின்னா மெக்கானிக்க கூப்பிடுவ. போன தடவயும் அந்தப் பெட்டியத் திறந்து வெச்சுக்கிட்டு மெக்கானிக்கத்தான் கூப்பிட்ட. நான் என் இரும்புச் சட்டியையும் தையல் மெஷினையும் தரேன். நீ பெட்டியையும் அந்த ரெண்டாவது டிவியையும் தா.

— சட்டி, மெஷின், அப்புறம் உன் புத்தக மூட்டை.

— புத்தகத்துல பாதி.

— முக்கால்.

— சரி முக்கால், ஆனா உன் பூட்ஸ் மூணு ஜோடியில ரெண்டு போகுது.

— பேசி முடிச்சாச்சுங்களா? ரெண்டு பேரும் சந்தைக்காரங்கதான் போல. என்ற ரூம்ல நான் நிக்க எடமில்லீங்க. தையல் மெஷின் மேலதான் இப்ப உக்காந்திருக்கறன். மூவாயிரத்து ஐந்நூத்தித் தொண்ணூறுங்க.

— இன்னும் தொண்ணூறு.

— இனி என்ன இருக்கு ரோஸ்வித்தா? காஸ் சிலிண்டர், கம்பளி, மாத்துத் துணி, மருந்து. இதுக்கு மேல இறக்கணும்னா சுவத்தத்தான் கழட்டணும்.

— பேப்பர மாத்தி, கூட எடைக்குப் பதிவு பண்ணிக்கறாங்களேங்க, அது?

— மாசக்கணக்குல ஆகும். திங்கக்கிழமைக்குள்ள அங்க போய் நிக்கலன்னா கடலப் பாத்த இடம் போயிடும், அப்புறம் கழிப்பறை பக்கந்தான். பின்னாடி டிரெய்லர் மாட்டலாமேன்னு கேக்காதீங்க, கொக்கி இருந்த இடத்துலதான் இவ கேரியர மாட்டி வெச்சிருக்கா.

— அப்ப நான் பைக்க ஓட்டிக்கிட்டே வரேன். நீ முன்னாடி போ.

— கணவாய்ல நேத்தே பனி கொட்டிருச்சுங்க அம்மணி. லாரிக்காரனே சங்கிலி கட்டிக்கிட்டுத்தான் போறான்.

— அதானே! ஒருவேளை நீ வழுக்கி விழுந்தா...

— நிறுத்து எக்கார்ட். உண்மையச் சொல்லு. தண்ணிய நிரப்பினது எடைக்காக. பனி உனக்கு ஒரு சாக்கு. இதுக்கெல்லாம் அடியில என்ன வெச்சிருக்க? உனக்கு பைக்கக் கண்டா ஏன் ஆகல?

— எனக்கு ஒண்ணுமில்ல.

— நாப்பத்தொரு வருஷம். சொல்லு.

— அலோயிஸ், அந்தப் பொட்டிய அணைச்சு வெக்க முடியுமா?

— பட்டனு ஒடஞ்சு போச்சுங்க. நான் வேணா காதப் பொத்திக்கறன்.

— சரி, கேளுங்க, எனக்கென்ன வெக்கம். ரோஸ்வித்தா, நீ சந்தைக்குப் போன காலத்துல நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? காலையில நான் எழுந்திருக்கும்போது நீ இருக்க மாட்ட. சாயங்காலம் வருவ, கை கழுவுவ, சாப்பிடுவ, தூங்கிடுவ. நானும் ஊர் ஊரா இன்சூரன்ஸ் விக்கப் போயிட்டிருந்தேன், அதனால குறை சொல்லல. போன குளிர்காலத்துலதான் முதல் தடவையா கண்ண முழிச்சா நீ பக்கத்துல இருந்த. நாலு மாசம். சீட்டாடிட்டு வருவேன், நீ வாசல்ல நிப்ப. ரொட்டிக்காக நின்னேன்னு இப்ப சொல்ற. நான் எனக்காக நிக்கறேன்னு நினைச்சிட்டிருந்தேன்.

— எக்கார்ட்...

— இந்த பைக் வந்தா காலையில எங்கேயாவது கிளம்பிப் போயிடுவ. நான் மறுபடியும் ஒரு காலி வீட்டுக்குக் காவல். கடல் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன.

— இத வீட்லயே சொல்லியிருக்கலாமே. நூறு லிட்டர் தண்ணி மிச்சமாயிருக்கும்.

— கேலி பண்ணு.

— கேலி இல்ல ராசா. ஆனா நான் வாசல்ல நின்னாத்தான் நீ என்னப் பாப்பேன்னா, நான் எத்தன வருஷம் நிக்கறது? எனக்குக் காலு துறுதுறுங்குது. நான் அப்படித்தான். என்னை வாங்கும்போதே பாத்துத்தானே வாங்கின?

— சரி. ரெண்டு பேரும் அவங்கவங்க விலைய சொல்லியாச்சு, படியல. நான் போய் பைக்கக் கட்டியிருக்கற பெல்ட்ட அவுக்கறேன். பைக்க இறக்கி அலோயிஸ்கிட்ட விட்டுட்டு, உன்னை ஃப்யூஸன்ல கொண்டு போய் விடறேன். அழாத.

— நான் அழல. சீஸ் வாசனை இன்னும் கண்ணக் கரிக்குது.

— ஐயா! ஐயா, கைய எடுங்க!

— என்னாச்சு அலோயிஸ்?

— பெல்ட்டத் தொடாதீங்க! அப்படியே நில்லுங்க. மூவாயிரத்து நானூத்தி எம்பத்தாறுங்க!

— ஐந்நூறுக்குக் கீழயா? நான் இன்னும் ஒரு பெல்ட்டும் அவுக்கலியே. பைக் மேலதானே இருக்கு?

— பைக்கு மேலதானுங்க இருக்குது. நீங்கதான் கீழ இருக்கறீங்க. மேடை அந்தப் பின் சக்கரத்தோட முடியுதுங்க. பைக் வெளிய தொங்குது, நீங்க தரையில நின்னுக்கிட்டு அதத் தொட்டுட்டு இருக்கறீங்க. நூத்தி நாலு கொறஞ்சுது.

— நூத்தி நாலா? எக்கார்ட், டாக்டர்கிட்ட தொண்ணூத்திரெண்டுன்னு சொன்ன!

— அது... குளிக்கறதுக்கு முன்னாடி போட்ட எடை.

— சிரிக்காதீங்க அலோயிஸ். நானும் சிரிக்கக் கூடாது. சிரிக்கல.

— சிரிக்கலீங்க. மேடை சொல்றதச் சொல்றன். வீடு, பைக்கு, அம்மணி, இது மூணும் போலாமுங்க. நாலாவதா ஐயா ஏறினா போலீஸ் புடிக்கும்.

— அப்ப இறக்க வேண்டிய சரக்கு நான்தான். இவ்வளவு நேரமா தேடிட்டிருந்தோம்.

— எக்கார்ட், அந்தப் பேச்சு வேணாம்.

— தராசுல கட்டை விரல் வெச்சவனக் கண்டுபிடிப்பேன்னியே. முழு ஆளே இருக்கேன்.

— எக்கார்ட், அவு. பெல்ட்ட அவுத்துடு. பைக்க இறக்கு.

— நீ ஃப்யூஸனுக்குப் போறேன்னியே?

— போகல. உன்கூட வரேன். சொன்ன விலையிலேர்ந்து நான் இறங்கினதே கிடையாது, கெம்ப்டன்ல யாரை வேணா கேட்டுப் பாரு. இன்னிக்கு இறங்குறேன். ஒரு பக்கத் தட்டுல இந்த பைக்கும் இன்னொரு பக்கத் தட்டுல நீயும்னா, எனக்கு எடை பாக்கவே வேண்டாம். காலையில உன் பக்கத்துல உக்காந்து காபி குடிக்கறேன். ரொட்டி கல்லா இருந்தா நனச்சுத் தின்னுக்கலாம். அவுத்தாச்சா? எக்கார்ட்? கண்ணாடியில உன் முதுகு மட்டுந்தான் தெரியுது. அலோயிஸ், அவர் அங்க என்ன பண்றாரு?

— அம்மணி, ஐயா அவுக்கலீங்க. இறுக்கறாருங்க.

— இறுக்கறாரா?

— ரெண்டாவது பெல்ட்டு தொளதொளன்னு இருக்கு ரோஸ்வித்தா. மலை வளைவுல ஆடும். சாவி வண்டியிலயேதான் இருக்கு. நீ ஓட்டற சீட்டுக்கு நகந்து உக்காரு. இறக்கத்துல பிரேக்கயே மிதிச்சுக்கிட்டு இருக்காத, கியரக் குறைச்சுக்கோ.

— இந்த வண்டியில ஸ்டியரிங்கத் துடைக்கக் கூட என்னை விட்டதில்லியே நீ! நான் ஓட்டினா நீ எப்படி வருவ?

— மூனிக்ல ரயிலேறுவேன். ரோம்ல மாறினா சிசிலி ரயில். அந்த ரயிலையே கப்பலுக்குள்ள ஏத்திக்கிட்டுப் போறானாம், பெட்டி பெட்டியா. எனக்கு ரொம்ப நாளா அதப் பாக்கணும்.

— சிசிலியில கட்டானியா ஸ்டேஷன்ல இறங்கி என்ன பண்ணுவ? நம்ம இடம் மலைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸும் கிடையாது. நான் வீட்ட நிறுத்தி, காலிறக்கி, பந்தல் போட்டுட்டேன்னா அப்புறம் அதக் கிளப்பவும் முடியாது. உன்ன யாரு வந்து கூட்டிட்டு வர்றது?

— அதுக்குத்தானே இத இறுக்கிட்டிருக்கேன். ஸ்டேஷன் வாசலுக்கு வரும்போது எனக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்துட்டு வா.